அடுப்புக்குத் தெற்கே

அன்று ஹீயுமா தீவிலிருந்து படகு இல்லை.
நொடிக்கு இருபத்திரண்டு மீட்டர் என்றது வானொலி,
அதற்கு முன்பே சொல்லிவிட்டது
லெம்பியின் சமையலறை ஜன்னல்.
கதவருகே கால்மரின் பெட்டி,
பூட்டியது பூட்டியபடி.
பெட்டிமேல் அவன் கையுறை,
யாரோ உட்கார்ந்திருப்பதுபோல.

ஒரு ராத்திரி இனாமாகக் கிடைத்தது.
கருப்பு ரொட்டியை ஒதுக்கிவிட்டு
மேசை முழுக்க வெள்ளைத்தாளை விரித்தாள் லெம்பி.
ஒன்பது மரப்பகடைகள், ஒரே ஒரு பென்சில்.

விதி இவ்வளவுதான்:
அள்ளி எறி.
விழுந்த இடத்தைச் சுற்றி வரை.
தாயம் என்றால் தண்ணீர், இரண்டு காடு,
மூன்று விழுந்தால் அங்கே யாரோ வசிக்கிறார்,
நான்கு பாதை, ஐந்து இடிந்துபோன ஏதோ ஒன்று,
ஆறு மலை.
பெயர் வைப்பது எறிந்தவர் பாடு.

லெம்பிக்குக் காடுகளாக விழுந்தன.
ஒன்றுக்கு 'ஈரச்சாக்கு' என்று பெயரிட்டாள்.
எனக்கு ஓர் இடிபாடு:
பாலமா பள்ளிக்கூடமா என்று
இன்றுவரை முடிவு செய்யவில்லை.
கால்மருக்குத் தாயம்.
மறுபடி தாயம்.
காய் இறங்கத் தாயம் கேட்டுத் தவம் கிடப்பவர்களும்
உலகத்தில் உண்டு.
இவனோ போடப்போட மூழ்கிக்கொண்டிருந்தான்.
எங்கள் நாட்டில் பாதி கடலாயிற்று.
"இந்தத் தீவுக்கு நிலம் ஒத்துக்கொள்ளவில்லை" என்றான்.
அந்தக் கடலுக்கு 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று பெயர்.

ஊகு கார்த்லா நில அலுவலகத்தில் வேலை பார்ப்பவன்.
பட்டாவும் எல்லைக்கல்லுமே அவன் பேச்சு.
ரொட்டித்துண்டில் சாய்ந்து ஒரு பகடை நின்றபோது
நாலா ஆறா என்று குனிந்து கண்ணைச் சுருக்கி,
"செல்லாது" என்றான்.
"மலைப்பாதை" என்றாள் லெம்பி
வாயில் மீனோடு.
வரைந்தோம்.

கடைசி எறி கால்மருடையது.
எட்டுப் பகடைகள் தாளில் நின்றன.
ஒன்பதாவது விளிம்பில் ஒரு கணம் யோசித்து,
குதித்து,
ஓடி,
விறகடுப்பின் அடியில் போயிற்று.

டார்ச் அடித்தோம், துடைப்பம் விட்டோம்.
ஒரு பொத்தான் வந்தது, பழைய தீக்குச்சி வந்தது,
பகடை வரவில்லை.
"தாளுக்கு வெளியே விழுந்தால் புறம்போக்கு,
கணக்கில் ஏறாது" என்றான் ஊகு.
கால்மர் பதில் சொல்லவில்லை.
தாளின் தெற்கு ஓரத்தில்
சின்னதாக ஓர் அம்புக்குறி போட்டு
பென்சிலைக் கீழே வைத்தான்.

காலையில் காற்று அடங்கியது.
முதல் படகில் போனான், அங்கிருந்து தம்பெரே.
கையுறையில் ஒன்றை மறந்திருந்தான்.
யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஏப்ரலில் புகைபோக்கி துடைக்க வந்தவர்
அடுப்பின் அடிப்பலகையைக் கழற்றினார்.
சாம்பலுக்கு நடுவே பகடை.
மூன்று மேலே.

லெம்பி அதைத் தொடவில்லை,
அவரையும் தொடவிடவில்லை.
எங்களைக் கூப்பிட்டாள்.
வந்து குந்தினோம், அழுக்குத் தரையில் மூன்று பேர்,
தொட்டில் எட்டிப்பார்ப்பவர்கள் மாதிரி.
பனிக்காலம் முழுக்க
நாங்கள் விறகு போட்டதும், பால் பொங்கவிட்டதும்,
மின்கட்டணத்துக்குச் சண்டை போட்டதும்
அங்கே ஒருவரின் தலைக்கு மேல் நடந்திருக்கிறது.

ஊகுதான் எழுந்து போய் அளவு நாடாவோடு வந்தான்.
மேசை விளிம்பிலிருந்து தொண்ணூற்றாறு சென்டிமீட்டர்.
இரண்டு முறை அளந்தான்.
மைதா காய்ச்சி,
வரைபடத்தின் தெற்கில் இன்னொரு தாளை ஒட்டி
நடுவில் ஒரு வட்டம் போட்டான்.
ஒட்டுத்தாள் கொஞ்சம் மஞ்சள்;
பார்த்தால் தெரியும்.

பெயர்? எறிந்தவர் பாடு.
தம்பெரேவுக்குப் போன் போட்டோம்.
ஏதோ இயந்திரச் சத்தத்துக்கு நடுவே கால்மர்,
"என்ன விழுந்தது?" என்றான்.
மூன்று.
"எங்கே?"
அடுப்புக்கு அடியில், சரியாக நடுவில்.

இயந்திரம் நின்றது.
"அப்படியென்றால்," என்றான்,
"அவருக்குக் குளிரியிருக்காது."

பெயரை இன்னும் சொல்லவில்லை.
வட்டம் காலியாக இருக்கிறது.